லைபீரியா உள்நாட்டுப் போர்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜார்ஜ் வேயா ஃபுட்பால் பிளேயர்தானே, அவர் எப்படிங்க ஒரு நாட்டுக்கு ஜனாதிபதி ஆனாருன்னு ஆரம்பிச்சு, ஒரு கேள்வி இன்னொரு கேள்விய இழுத்து, கடைசில எல்லாரும் உள்நாட்டுப் போர்ல வந்து நிக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

லைபீரியா எங்க இருக்கு?

மேற்கு ஆப்பிரிக்கா கடலோரம். ஒரு பக்கம் சியரா லியோன், மேல கினி, அந்தப் பக்கம் ஐவரி கோஸ்ட். தலைநகர் மன்ரோவியா. கப்பல்ல வேலை பாக்குறவங்க வீட்ல கேட்டா இந்தப் பேரு தெரியும், ஏன்னா உலகத்துல ஓடுற ஏகப்பட்ட சரக்குக் கப்பல் பின்பக்கத்துல மன்ரோவியான்னு எழுதியிருக்கும். கப்பல் அந்தப் பக்கமே போயிருக்காது, ஆனா கொடி லைபீரியா கொடி. அந்த ரிஜிஸ்டர் ஆபீஸே அமெரிக்காவுல இருந்துதான் நடக்குது. போர்க்காலத்துல அரசாங்கத்துக்கு உருப்படியா வந்த காசுல இதுவும் ஒண்ணு.

அமெரிக்காலருந்து வந்த அடிமைங்க கட்டின நாடுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. வந்தவங்க விடுதலையான கறுப்பினத்தவங்க, அனுப்பி வச்சது 1816-ல ஆரம்பிச்ச அமெரிக்கக் குடியேற்றச் சங்கம். அந்தச் சங்கத்துல அடிமை முறைய எதிர்த்தவங்களும் இருந்தாங்க, அடிமைங்கள வச்சிருந்த பண்ணைக்காரங்களும் இருந்தாங்க. ரெண்டாவது கோஷ்டிக்கு இது ஒண்ணும் தர்மகாரியம் இல்ல, சுதந்திரமா திரியுற கறுப்பர்கள் ஊர்ல இருந்தா நம்ம அடிமைங்களுக்கும் ஆசை வந்துடும்னு பயம். 1820-ல முதல் கப்பல் வந்து நிறைய பேர் காய்ச்சல்லயே செத்துட்டாங்க. 1821 கடைசில மெசுராடோ முனையில கிங் பீட்டர்னு ஒரு உள்ளூர் தலைவர் நிலம் தர மாட்டேன்னு இழுத்தடிக்க, அமெரிக்கக் கடற்படை ஆள் ஒருத்தர் துப்பாக்கிய நெத்தில வச்சு கையெழுத்து வாங்கினார்ங்கறதுதான் அந்த நாட்டோட பத்திரப்பதிவு. 1847 ஜூலை 26 சுதந்திரம். முதல் ஜனாதிபதி ஜோசஃப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ், பிறந்தது அமெரிக்காவோட வர்ஜீனியாவுல.

சிக்கல் எங்கன்னா அங்க ஏற்கனவே ஆளுங்க இருந்தாங்க. பெல்லே, பாசா, கியோ, மானோ, க்ரான், க்ரூ, வாய்ன்னு பதினாறு இனம். நாட்டோட முத்திரைல "சுதந்திரத்தின் மேல் கொண்ட காதலே எங்களை இங்கு கொண்டு வந்தது"ன்னு போட்டிருக்கும். சரி, ஏற்கனவே அங்கயே இருந்தவன யாரு கொண்டு வந்தா? அவன் அந்த வாக்கியத்துலயே இல்ல. குடியேறினவங்கள "காங்கோ ஆளுங்க"ன்னும் உள்ளூர்க்காரங்கள "கன்ட்ரி ஆளுங்க"ன்னும் சொல்ற வழக்கம் இன்னிக்கும் இருக்கு. காங்கோ ஆளுங்க மொத்த ஜனத்தொகைல நூத்துக்கு அஞ்சு பேர்தான் தேறுவாங்க, ஆனா நாடு அவங்க கைல. உள்ளூர் இனங்களுக்கு 1904-லதான் குடியுரிமை, 1946 வாக்குலதான் ஓட்டு, அதுவும் குடிசை வரி கட்டினா.

ஒரே கட்சி நூறு வருஷம் ஆண்டுச்சாமே?

ட்ரூ விக் கட்சி. 1878-லருந்து 1980 வரைக்கும், 102 வருஷம். தேர்தல்லாம் ஒழுங்கா நடக்கும், அதுதான் வேடிக்கை. 1927 தேர்தல்ல ஜனாதிபதி சார்லஸ் கிங் வாங்கினதா அறிவிச்சது 2 லட்சத்து 43 ஆயிரம் ஓட்டு, மொத்த வாக்காளர்களே 15 ஆயிரத்துக்குக் கம்மி. கின்னஸ் புத்தகத்துல மோசடி ரெக்கார்டா ஏறிடுச்சு. அதே கிங் ஆட்சில உள்நாட்டு ஆட்கள வலுக்கட்டாயமா புடிச்சு ஸ்பெயின்காரங்களோட ஃபெர்னாண்டோ போ தீவு தோட்டங்களுக்கு அனுப்பி வச்சாங்க, ஐ.நாவுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கம் விசாரிச்சு அம்பலமாக்குனதும் 1930-ல அவரும் துணை ஜனாதிபதியும் ராஜினாமா. அடிமைத்தனத்துலருந்து தப்பிச்சு வந்தவங்களோட பேரப்பசங்க செஞ்ச வேலை இது, படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

1926-ல ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனிக்கு பத்து லட்சம் ஏக்கர் வரைக்கும் 99 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு வருஷம் 6 சென்ட். ரப்பர் தோட்ட ஊருக்குப் பேரு ஹார்பெல், முதலாளி ஹார்வியையும் அவர் சம்சாரம் ஐடாபெல்லையும் சேர்த்து வச்ச பேரு. அப்பறம் 1944-லருந்து 1971 வரைக்கும் டப்மன்தான் ஜனாதிபதி. வெளிநாட்டு முதலீட்ட கொட்ட வச்சார், உள்நாட்டு மக்களையும் கொஞ்சம் அணைச்சுக்கிட்டார், எதிர்த்தவங்கள ஒற்றர்கள வச்சு அடக்கினார். அவர் செத்ததும் துணை ஜனாதிபதி டோல்பர்ட் வந்தார்.

அரிசி விலைனால ஆட்சி கவுந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்?

என்னக் கேட்டா இந்தக் கதையோட நடு மையமே இதுதான். லைபீரியாக்காரங்களுக்கு அரிசிச் சோறு சாப்பிடலன்னா அன்னிக்கு சாப்பிடவே இல்லைன்னு அர்த்தம். வேற என்ன தின்னாலும் கணக்குல வராது, நமக்கு இத விளக்க வேண்டியதில்ல.

1979-ல நூறு பவுண்டு அரிசி மூட்டை 22 டாலர், அத 26 ஆக்கலாம்னு விவசாய அமைச்சகம் யோசனை சொல்லுச்சு. உள்ளூர் விவசாயம் வளரும், ஜனங்க பட்டணத்துக்கு ஓடி வர மாட்டாங்கன்னு காரணம். காரணம் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா டோல்பர்ட் குடும்பமே பெரிய அளவுல நெல் போடுற குடும்பம், அப்ப ஜனங்க என்ன நினைப்பாங்க? ஏப்ரல் 14 மன்ரோவியாவுல ஊர்வலம், போலீஸ் சுட்டுச்சு, குறைஞ்சது 40 பேர் செத்தாங்க, கடைங்க சூறையாச்சு. அந்த நாளோட அரசாங்கத்து மேல இருந்த பயம் போயிடுச்சு.

சரியா ஒரு வருஷம். 1980 ஏப்ரல் 12 ராத்திரி சாமுவேல் டோன்னு ஒரு மாஸ்டர் சார்ஜென்ட், வயசு 28, க்ரான் இனம், கூட பதினேழு பேர் மாதிரி கூட்டிக்கிட்டு ஜனாதிபதி மாளிகைக்குள்ள பூந்து டோல்பர்ட்ட கொன்னுட்டாங்க. பத்து நாள் கழிச்சு பதிமூணு பெரிய ஆளுங்கள கடற்கரைல கம்பத்துல கட்டி, நிருபர்கள் கேமராவோட நிக்க, சுட்டுக் கொன்னாங்க. ஊரே வேடிக்கை பாத்துச்சு, கைதட்டுனாங்க. நூறு வருஷக் கோவம் அது, புரியுது. ஆனா அன்னிக்கு கைதட்டுன பலரோட வீட்டுக்கும் அதே துப்பாக்கி பத்து வருஷத்துல வந்துச்சு.

டோ மண்ணின் மைந்தன்தானே, ஏன் சொதப்புனார்?

உள்ளூர் இனத்துலருந்து வந்த முதல் ஆட்சித் தலைவர்ங்கறது நிஜம். ஆனா வந்ததும் அந்தப் பழைய நாற்காலிலயே உக்காந்துக்கிட்டார், காங்கோ குடும்பங்க இருந்த இடத்துல க்ரான் ஆளுங்க, அவ்ளோதான் வித்தியாசம். அமெரிக்காவுக்கு பனிப்போர் நேரத்துல ஒரு ஆள் வேணும், காசக் கொட்டுனாங்க. 1982-ல வெள்ளை மாளிகைக்கு கூப்பிட்டு ரீகன் இவர "சேர்மன் மோ"ன்னு தப்பா பேர் சொல்லி வரவேற்றார், பேரே தெரியாத ஆளுக்குத்தான் அவ்ளோ பணம்.

1985 தேர்தல்ல 50.9 சதவீதம் வாங்கி ஜெயிச்சதா அறிவிச்சார். நிஜத்துல ஜெயிச்சது நிம்பா மாவட்டத்துக்காரர் ஜாக்சன் டோன்னுதான் பரவலா நம்புறாங்க (பேர் ஒண்ணு, சொந்தம் இல்ல). அடுத்த மாசம் நவம்பர் 12, டோவோட பழைய கூட்டாளி தாமஸ் குவொங்க்பா புரட்சி பண்ணப் பாத்து தோத்தார், கொன்னுட்டாங்க. அவர் கியோ இனம், நிம்பாக்காரர். டோவோட ராணுவம் நிம்பாவுக்குப் போய் கியோ, மானோ ஜனங்கள கண்மண் தெரியாம கொன்னுச்சு. இந்த இடத்த நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, நாலு வருஷம் கழிச்சு டெய்லர் வந்து எறங்குனது நேரா இங்கதான்.

சார்லஸ் டெய்லர் யாரு?

அப்பா பக்கம் காங்கோ, அம்மா கோலா இனம். மாசசூசெட்ஸ்ல எகனாமிக்ஸ் படிச்சவர். டோ ஆட்சில அரசாங்கத்துக்கு சாமான் வாங்குற துறைக்குத் தலைவர், கிட்டத்தட்ட 9 லட்சம் டாலர் அமுக்கிட்டார்னு குற்றச்சாட்டு வந்ததும் அமெரிக்காவுக்கு ஓட, அங்க புடிச்சு உள்ள வச்சாங்க. 1985 செப்டம்பர்ல ஜெயில் ஜன்னல் கம்பிய அறுத்து, பெட்ஷீட்ட முடிச்சுப் போட்டு எறங்கி தப்பிச்சார். சினிமால வச்சா நம்ப மாட்டோம். அப்பறம் லிபியா, கடாஃபி முகாம்ல பயிற்சி.

1989 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு மொத நாள், ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து சுமார் நூறு பேரோட நிம்பாவுக்குள்ள நுழைஞ்சார். பிபிசி ரேடியோவுக்கு தானே போன் போட்டு அறிவிச்சார். டோ மறுபடியும் நிம்பா ஊர்கள எரிக்க ராணுவத்த அனுப்ப, எரிஞ்ச ஊர்லருந்து பையனுங்க கூட்டம் கூட்டமா டெய்லர்கிட்ட போய் சேந்தாங்க. ஆள் சேக்குற வேலைய டெய்லருக்குப் பதிலா டோவே செஞ்சு குடுத்துட்டார்.

அப்ப இது இனச் சண்டைதானே?

எல்லாரும் சட்டுன்னு வர்ற முடிவு இது, எனக்கு இதுல உடன்பாடு இல்ல. இனத்தப் பாத்து கொன்னாங்க, அதுல சந்தேகமே இல்ல. செக்போஸ்ட்ல நிறுத்தி உன் மொழில பேசுன்னு சொல்லி, பேச்ச வச்சே கொன்னாங்க. டெய்லர் ஆளுங்க க்ரானையும் மாண்டிங்கோவையும், டோ ஆளுங்க கியோவையும் மானோவையும். 1990 ஜூலை 29 மன்ரோவியாவுல செயின்ட் பீட்டர்ஸ் லுத்தரன் சர்ச்சுல அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 600 பேர டோவோட சிப்பாய்ங்க ராத்திரியோட ராத்திரியா கொன்னாங்க, பெரும்பாலும் கியோ, மானோ குடும்பங்க.

ஆனா இந்த இனங்க காலங்காலமா அடிச்சுக்கிட்டு இருந்தவங்க கிடையாது. க்ரானுக்கும் கியோவுக்கும் பகை முத்துனதே 1980-க்கு அப்பறம், டோவும் குவொங்க்பாவும் ராணுவத்துக்குள்ள போட்ட பதவிச் சண்டைனாலதான். மேல ரெண்டு பேர் நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டாங்க, கீழ ஊர் எரிஞ்சுது.

டோ எப்படி செத்தார்?

டெய்லர் படைலருந்து பிரின்ஸ் ஜான்சன்னு ஒருத்தர் 1990 தொடக்கத்துலயே பிரிஞ்சு தனிக்குழு வச்சிருந்தார் (பிரின்ஸ்ங்கறது பேரு, இளவரசர்லாம் இல்ல). செப்டம்பர் 9 டோ துறைமுகத்துல இருந்த அமைதிப்படை ஆபீசுக்கு போனப்ப ஜான்சன் ஆளுங்க அங்கயே சுட்டு புடிச்சுட்டாங்க. சித்திரவதை பண்ணி காத அறுத்தத வீடியோ எடுத்தாங்க, ஜான்சன் மேஜைக்குப் பின்னாடி உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டே பாக்குறார். அந்த கேசட் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க வித்துச்சு. தேடிப் பாக்காதீங்க.

அந்த ஜான்சன் நிம்பா செனட்டரா 2006-ல உள்ள போனவர், 2024 நவம்பர்ல சாகுற வரைக்கும் செனட்டர்தான்.

அமைதிப்படை எதுவும் பண்ணலயா?

1990 ஆகஸ்ட்ல ஈகோமாக்னு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட படை வந்துச்சு, நைஜீரியா தலைமை. தலைநகர் டெய்லர் கைக்கு போகாம தடுத்தது இவங்கதான், அத மறுக்கக் கூடாது. கூடவே கொள்ளையும் அடிச்சாங்க. ஈகோமாக்ங்கற இங்கிலீஷ் எழுத்துகள வச்சே "ஓடுற வண்டி, நகர்ற பொருள் எல்லாம் போச்சு"ன்னு ஊர்க்காரங்க விரிவாக்கம் குடுத்தாங்க.

ஏன் ஏழு வருஷம் இழுத்துச்சு?

ஏன்னா போர் லாபமா இருந்துச்சு. மன்ரோவியாவுல ஏமஸ் சாயர் தலைமைல ஒரு இடைக்கால அரசு, உள்நாட்டுல பாங்கா ஊர தலைநகரா வச்சு டெய்லரோட தனி ராஜ்யம். ரெண்டு பக்கமும் வேற வேற நோட்டு, மன்ரோவியாவுல புது நோட்டு, டெய்லர் பக்கம் பழைய ராபர்ட்ஸ் படம் போட்ட நோட்டு. டெய்லர் மரம், இரும்புத்தாது, ரப்பர், வைரம் எல்லாத்தையும் வித்தார். ஃபயர்ஸ்டோனே 1992-ல அவரோட ஒப்பந்தம் போட்டு வரி கட்டுச்சு. 1991 மார்ச்லருந்து சியரா லியோன்ல ஃபோடே சாங்கோவோட ஆர்.யூ.எஃப் கிளர்ச்சிப் படைக்கு துணை நின்னு அந்தப் பக்க வைரத்துக்கும் வழி பண்ணிக்கிட்டார். எரியுற வீட்டுல புடுங்குனது லாபம்.

எதிர்ப்பக்கம் யூலிமோன்னு ஒரு படை வந்து அதுவும் க்ரான் கோஷ்டி, மாண்டிங்கோ கோஷ்டின்னு ரெண்டாச்சு. ஒப்பந்தம் மேல ஒப்பந்தம், ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் துப்பாக்கி வச்சிருக்கறவனுக்கு ஒரு பதவி, அப்ப புதுசா ஒருத்தன் துப்பாக்கி தூக்காம என்ன செய்வான்? சண்டை போட்டதுல பெரிய பங்கு சின்னப் பசங்க, டெய்லர்கிட்ட "ஸ்மால் பாய்ஸ் யூனிட்"னே ஒரு பிரிவு இருந்துச்சு. 1996 ஏப்ரல்ல மன்ரோவியா தெருவுலயே மோதி ஊர சின்னாபின்னம் பண்ணாங்க, அதுக்கப்பறம்தான் நைஜீரியாவோட அபூஜாவுல தேர்தலுக்கு ஒத்துக்கிட்டாங்க.

இவ்ளோ பண்ண டெய்லருக்கு ஜனங்க எப்படி ஓட்டு போட்டாங்க?

1997 ஜூலை 19, டெய்லருக்கு 75 சதவீதம். ரெண்டாவது வந்த எலன் ஜான்சன் சர்லீஃபுக்கு பத்து சதவீதம் கூட இல்ல. "எங்கம்மாவ கொன்னான், எங்கப்பாவ கொன்னான், ஆனாலும் அவனுக்குத்தான் ஓட்டு"ன்னு பசங்க பாடிக்கிட்டு போனாங்க. வெளிய இருக்கறவங்க இத கேட்டு இவங்களுக்கு புத்தி கெட்டுப்போச்சான்னு கேக்குறாங்க. கெடல. இவன் தோத்தா மறுபடியும் காட்டுக்குள்ள போய் சண்டை ஆரம்பிப்பான், ஜெயிச்சா ஒருவேளை நிறுத்துவான், இதுதான் கணக்கு. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும். ரேடியோ, பணம், வண்டி எல்லாம் அவர்கிட்டதான் இருந்துச்சுங்கறதையும் சேத்துக்கங்க.

நிறுத்துனாரா? இல்ல.

ரெண்டாவது போர் எப்ப?

1999-ல வடக்க லோஃபா பக்கம் ஆரம்பிச்சுது. கினி ஆதரவோட லர்டுங்கற படை, 2003-ல தெற்க ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து மாடல்னு இன்னொண்ணு. 2003 ஜூன், ஜூலைல மன்ரோவியாவ மூணு தடவ தாக்குனாங்க, ஜனங்க அதுக்கு முதல் உலகப்போர், ரெண்டாம் உலகப்போர், மூணாம் உலகப்போர்னு பேர் வச்சாங்க. குண்டு விழுந்து செத்தவங்க உடல்கள தூக்கிட்டுப் போய் அமெரிக்க தூதரக வாசல்ல வரிசையா போட்டாங்க, வந்து நிறுத்துங்கன்னு. அமெரிக்கக் கப்பல்கள் கொஞ்ச நாள்ல கடல்ல வந்து நின்னுச்சு, கரைக்கு வந்தது சொற்பம் பேர்தான்.

பெண்கள்தான் போர நிறுத்துனாங்கன்னு சொல்றது மிகைப்படுத்தலா?

அவங்க மட்டும்னு சொன்னா மிகை, அவங்க இல்லாமன்னு சொன்னா பொய். லேமா போவின்னு ஒரு சமூக சேவகி, கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள ஒண்ணா சேத்து, வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு மன்ரோவியா மீன் மார்க்கெட் பக்கத்துல தினம் வெயில்லயும் மழைலயும் உக்காந்தாங்க, டெய்லர் கார் அந்த வழியாத்தான் போகும். கானாவுல அக்ராவுல பேச்சுவார்த்தை வாரக்கணக்கா இழுத்துச்சு, தலைவருங்க நல்ல ஹோட்டல்ல தங்கி பதவி பங்கு பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜூலைல போவியும் மத்த பெண்களும் ஹால் வாசல்ல கை கோத்து உக்காந்து, கையெழுத்து போடாம ஒருத்தரும் வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. செக்யூரிட்டி கைது பண்ண வந்ததும் போவி துணிய அவுக்க ஆரம்பிச்சார். அந்த ஊர்ல தாய் வயசு பொம்பள வேணும்னே துணிய அவுத்தா பாக்குற ஆம்பளைக்கு அது பெரிய சாபம். மத்தியஸ்தரா இருந்த நைஜீரியாவோட முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளிய வந்து சமாதானம் பேசினார். அதுக்கப்பறம் உள்ள பேச்சோட தொனியே மாறிடுச்சு.

ஆகஸ்ட் 11 டெய்லர் ராஜினாமா பண்ணி, கடவுள் சித்தமிருந்தா திரும்பி வருவேன்னு சொல்லிட்டு நைஜீரியாவோட கலபாருக்கு பறந்தார். ஆகஸ்ட் 18 ஒப்பந்தம் கையெழுத்து. ஐ.நா சுமார் 15 ஆயிரம் வீரர்கள அனுப்புச்சு. ஆயுதத்த ஒப்படைச்சா ஆளுக்கு 300 டாலர்னாங்க, லட்சத்துக்கும் மேல ஆளுங்க வந்தாங்க, ஆனா வந்த துப்பாக்கி என்னமோ 28 ஆயிரம் சொச்சம்தான்.

டெய்லர் இப்ப எங்க?

இங்கிலாந்து ஜெயில்ல. 2006 மார்ச்ல கேமரூன் எல்லை தாண்டப் பாத்தப்ப புடிபட்டு, ஹேக்ல விசாரணை நடந்து, 2012-ல 50 வருஷ தண்டனை. வைரக்கல் விஷயமா சாட்சி சொல்ல மாடல் நவோமி கேம்பெல்ல கூப்பிட்டதுதான் பேப்பர்ல அதிகமா வந்துச்சு. ஆனா அந்தத் தீர்ப்பு சியரா லியோன்ல நடந்த குற்றங்களுக்கு. லைபீரியாவுல அவர் பண்ணதுக்காக இதுவரைக்கும் ஒரு நாள் தண்டனை கூட கிடையாது.

மத்தவங்களுக்கு?

ரெண்டு போர்லயும் சேத்து சுமார் ரெண்டரை லட்சம் பேர் செத்ததா கணக்கு சொல்றாங்க, போர் தொடங்குனப்ப நாட்டு ஜனத்தொகையே இருபது லட்சத்த ஒட்டித்தான். உள்ளூர்ல போர்க்குற்றத்துக்கு இதுவரைக்கும் ஒருத்தர் மேலயும் வழக்கு நடக்கல. நடந்ததெல்லாம் வெளிநாட்டுல. டெய்லர் பையன் சக்கிக்கு அமெரிக்கால 97 வருஷம், அலியு கோசியாங்கற தளபதிக்கு 2021-ல சுவிட்சர்லாந்துல 20 வருஷம், இப்படி.

உண்மை கண்டறியும் கமிஷன் 2009-ல அறிக்கை குடுத்துச்சு, அதுல 30 வருஷம் பதவிக்கு வரக்கூடாதுன்னு சொன்ன பட்டியல்ல அப்ப ஜனாதிபதியா இருந்த சர்லீஃப் பேரும் இருந்துச்சு, ஏன்னா ஆரம்பத்துல டெய்லருக்கு 10 ஆயிரம் டாலர் குடுத்திருக்கார், கமிஷன் முன்னாடியே ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டார். 2005-ல வேயாவ தோக்கடிச்சு ஆப்பிரிக்காவுலயே தேர்தல்ல ஜெயிச்ச முதல் பெண் ஜனாதிபதியானவர், 2011-ல போவியோட சேந்து நோபல் வாங்கினவர். அந்தத் தடை செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அறிக்கை அப்படியே தூங்குச்சு. வேயா 2018-ல வந்தார், அவரோட துணை ஜனாதிபதி டெய்லரோட முன்னாள் மனைவி. 2023-ல ரொம்ப கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்ச ஜோசஃப் பொவாக்காய்க்கு நிம்பா ஓட்டு வாங்கிக் குடுத்தது பிரின்ஸ் ஜான்சன். இப்ப சொல்லுங்க, பூனைக்கு மணி கட்டப்போறது யாரு? ஆனாலும் பொவாக்காய் 2024 மே மாசம் போர்க்குற்ற நீதிமன்றம் அமைக்க ஒரு ஆபீஸ் தொடங்க உத்தரவு போட்டார், நான் எதிர்பாக்கல.

இந்தியாவுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

2007-ல பெண்கள் மட்டுமே இருந்த முதல் ஐ.நா போலீஸ் பிரிவு இந்தியாலருந்துதான் மன்ரோவியாவுக்கு போச்சு, நம்ம சி.ஆர்.பி.எஃப் பெண்கள், நூறு பேருக்கு மேல. 2016 வரைக்கும் பேட்ச் பேட்சா மாறி மாறி இருந்தாங்க. இந்திய வியாபாரிங்களும் அங்க நிறைய, ஆனா கறுப்பினத்தவங்க மட்டும்தான் குடிமக்கள் ஆக முடியும்னு அரசியல் சட்டத்துலயே இருக்கறதால எத்தனை வருஷம் இருந்தாலும் குடியுரிமை கிடையாது.

அப்பறம் அரிசி. அங்க இன்னமும் சோத்துக்கு பெரும்பாலும் இறக்குமதிதான், அதுல பெரிய பங்கு இந்திய அரிசி. 2023 ஜூலைல நம்ம அரசாங்கம் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிய நிறுத்துனப்ப நம்ம ஊர்ல அது பேப்பர்ல ஒரு வியாபாரச் செய்தி. மன்ரோவியாவுல ஜனாதிபதி தேர்தலுக்கு மூணு மாசம்கூட இல்ல.